அகலக் குழாய்

நம் வயதுக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பழைய கதை ஒன்றை ஆரம்பித்தால், பாதியிலேயே "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிடுவோம். இதற்கு மட்டும் தலையாட்டாமல் கேளுங்கள். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லும் தெம்பும் இனி எத்தனை நாளைக்கோ தெரியாது.

போன மாதம் என் மகன் தன் காரின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் வேறொன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு எவ்வளவு அகலம் இருக்கும்? இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். "கேட்டியாம்மா? இனிமே பவரே வேற!" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கழற்று என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பான். பதில் சொல்லக் களைப்பாக இருந்தது. "சாப்பிட வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் அது. அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரே மாதிரி வீடுகள். வாசலில் ஒரே மாதிரி முருங்கை. எங்கள் வரிசையில் எல்லாரிடமும் சைக்கிள், இரண்டொருவரிடம் ஸ்கூட்டர். எதிர்வீட்டு ஃபோர்மேனிடம் மட்டும் கார் இருந்தது. அந்த வருஷம் அப்பாவும் ஒன்று வாங்கினார். வடக்கே மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுச்சென்ற பழைய கார். பாசி நிறம். உள்ளே ரெக்ஸினும் பெட்ரோலும் கலந்த ஒரு வாடை, வெயிலில் நின்றால் இன்னும் ஏறும். பின்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தகரம் துருப்பிடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகச் சாலை ஓடுவதைப் பார்ப்பதுதான் எனக்கும் என் தம்பிக்கும் அந்தக் காரிலேயே பிடித்த விஷயம். தம்பிக்கு நாலு வயது. குப்புறப் படுத்துக்கொண்டு, "ரோடு தண்ணி மாதிரி ஓடுது" என்பான். அம்மா அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டுவைத்தாள்.

கார் நன்றாகத்தான் ஓடியது. வேகம் மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேன் வீட்டுக் கார் எங்களைத் தாண்டிப் போனபோது, பின்கண்ணாடியில் அவர் பிள்ளைகள் இரண்டும் முகத்தை ஒட்டிவைத்து எங்களுக்கு டாட்டா காட்டின. அப்பாவின் கழுத்து சிவந்தது. அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி வராமல் போனதும், அவருக்கு எதிராக எழுதிக் கொடுத்தவர் ஃபோர்மேன் என்பதும் எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அவருக்கு முப்பத்தேழு வயது. என் மகனைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பாடியில் ஒரு சைலன்சர் பட்டறையில் வெல்டராக இருந்தார். அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அம்மாவின் பிறந்த வீடு நசரத்பேட்டையில். அவர்கள் அப்பா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அதில் முதன்முதலில் கைத்தொழில் கற்றவர் மாமா. கையெல்லாம் நெருப்புப்பொறி பட்ட புள்ளிகள். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் வருவார். அம்மா அவருக்கென்று மீன்குழம்பு வைப்பாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். எங்களிடம்கூட அம்மா அப்படிச் சிரித்ததில்லை.

ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிறு அப்பா கேட்டார்.

"மச்சான், இந்த வண்டிக்கு உசுரே இல்ல. எதுனா பண்ண முடியுமா?"

மாமா குனிந்து காரின் அடியில் பார்த்தார். "ரேசு வண்டிக்கு அகலக் கொழா போடுவாங்க மாமா. புகை தங்கு தடையில்லாம வெளிய பூடும். இஞ்சினு நல்லா மூச்சு வுடும்."

"அத்த போடு."

"போடலாம். ஆனா இதுக்கு ஒரு சைசு மேல போட்டாப் போதும். ரொம்ப அகலம் ஆவாது."

"இருக்கறதுலயே பெருசு எதுவோ அத்த போடு மச்சான். தெருவே கேக்கணும்."

மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்பாவை மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆயுதபூஜை அன்று, மாமா புதுக் குழாய் மாட்டித் தந்த காருக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, அப்பா சாவியைத் திருப்பினார். முருங்கைமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. நாலாவது வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. ஃபோர்மேன் பனியனோடு வாசலுக்கு வந்து நின்றார். அப்பா அவரைப் பார்க்காத மாதிரி பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிற வழக்கம் அப்போது. படிகள், மின்கம்பங்கள், அம்மா சுடுகிற தோசைகள். குவார்ட்டர்ஸின் வாயிலிலிருந்து தண்ணீர்த்தொட்டிவரை மேடாக ஏறும் நேர்ச்சாலை. கார் கிளம்பியதும் ஒன்று என்று ஆரம்பித்தால், தொட்டி வரும்போது முப்பத்தொன்று வரும். எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறேன். புதுக் குழாய் மாட்டிய மறுநாள் ஆசையாக எண்ணினேன். இருபத்தைந்து வரும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வந்தது.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று அடுத்த நாளும் எண்ணினேன். முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் முப்பத்தேழு.

"அப்பா, நம்ம வண்டி இப்பதான் மெதுவா போவுது" என்றேன்.

"உனக்கு எண்ணத் தெரியல."

"தெரியும்பா."

"சத்தத்தக் கேட்டியா இல்லியா? இவ்ளோ சத்தம் போடற வண்டி மெதுவா போவுமா? பேசாம குந்து."

அடுத்த ஞாயிறு மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னை அப்பாவோடு உட்காரவைத்து, தானும் ஏறி, மூன்று தடவை அந்த மேட்டில் காரை ஏற்றச் சொன்னார். நான் வாய்விட்டு எண்ணினேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் தலையைச் சொறிந்தார்.

"பாப்பா சொல்றது சரி மாமா. கொழா ரொம்ப அகலமாப் பூட்ச்சி. மேட்டுல இழுவ இல்ல. கார்பரேட்டரையும் மாத்தி செட் பண்ணணும். கழட்டிட்டு சின்னதா ஒண்ணு போட்டுத் தரேன்."

பக்கத்தில் ஃபோர்மேன் வீட்டு வேலைக்காரப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு மாமாவை.

"என் வண்டியப் பத்தி நீயும் உன் மருமவளும் எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? வெல்டிங் வெச்சமா போனமான்னு இரு மச்சான்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு மீன்குழம்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. அம்மா இரண்டு வாரம் குழம்பு வைத்துக் காத்திருந்தாள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது.

ஒருநாள் காலை அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடக் காரில் கூட்டிப்போனார். முன்னால் ஃபோர்மேனின் கார். அப்பா முந்தப் பார்த்தார். வண்டி இழுக்கவில்லை, உறுமத்தான் செய்தது. அவரை ஒட்டி வெளியே ஒடித்தபோது சக்கரம் சாலை விளிம்பிலிருந்து இறங்கி, ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கியது. என் காலுக்குக் கீழே இரும்பு கல்லில் மோதுகிற சத்தம். அப்பா வண்டியை ஓரம்கட்டி, இறங்கிக் குனிந்து பார்த்தார். செருப்புக்காலால் எதையோ இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஒண்ணுமில்ல. அம்மாகிட்ட சொல்லாத. மாமாகிட்டயும் சொல்லாத, அப்புறம் கழட்டணும்பான்."

கடையில் நிறுத்தி ஆரஞ்சு கலர் வாங்கிக் கொடுத்தார். காலை எட்டரை மணிக்குக் கலர் குடித்த ஒரே நாள் அதுதான். மூக்கில் ஏறி கண்ணில் தண்ணீர் வந்தது.

அன்றிலிருந்து காரின் சத்தம் மாறியது. தொண்டை கட்டினவன் பேசுவதுபோல ஒரு கரகரப்பு. அப்பாவுக்கு அது இன்னும் பிடித்திருந்தது. எனக்கோ காரில் ஏறினால் தலைவலி. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "எப்பப் பாரு புஸ்தகத்துல மூஞ்சிய வெச்சிகினு இருந்தா தல வலிக்காம இன்னா பண்ணும்?" என்றாள். அம்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் லேசாகப் பவர் இருக்கிறது என்று கறுப்பு ஃபிரேமில் ஒன்று மாட்டிவிட்டார். வகுப்பில் சோடாபுட்டி என்று பெயர் வந்தது. அந்தக் கண்ணாடி எங்கே போயிற்றோ தெரியாது. நாற்பது வயதுவரை எனக்கு வேறு கண்ணாடி தேவைப்படவே இல்லை.

கார்த்திகை மாதம், அடைமழை. கள்ளிக்குப்பத்தில் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நால்வரும் காரில் கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவை, தலையில் நாலு முழம் மல்லிகை. வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மழைக்கு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றியிருந்தோம். பேட்டரி பலவீனம், அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று அப்பா இஞ்சினை ஓடவிட்டே வைத்திருந்தார். ஒரு மின்சார ரயில் போனது. கேட் திறக்கவில்லை. ஒரு கூட்ஸ் மெதுவாக வந்தது. நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

தம்பி சீட்டிலிருந்து இறங்கிச் சாக்கின்மேல் படுத்துக்கொண்டான். "கீழ சுடச்சுட கீதுக்கா" என்றான். குளிருக்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும். ஓட்டைப் பக்கம் முகத்தை வைத்துச் சுருண்டுகொண்டான்.

எண்ணிக்கை எனக்குத் தவறியது. பதினாறுக்குப் பிறகு மறுபடி பதினாலு வந்தது. எனக்கு அப்படி ஆனதே இல்லை. நாக்கு தடித்து, மல்லிகை வாசனை குமட்டியது. கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கினேன்.

"மழ அடிக்குதுடி, ஏத்து. பொடவ நனையுது."

"வாந்தி வருதும்மா."

"இன்னும் அஞ்சு நிமிஷம். அடக்கிக்கினு இரு."

அடக்க முடியவில்லை. கதவைத் திறந்து மழையில் இறங்கி, அங்கேயே வாந்தியெடுத்தேன். கால் நிற்கவில்லை. அப்பா திரும்பி என்னைத் திட்டிக்கொண்டே, "தம்பிய எழுப்பு, அவன் மேல சாரல் அடிக்குது" என்றார். நான் குனிந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை அதன்போக்கில் ஆடியது. கண் திறக்கவில்லை.

அம்மாவின் அலறலைக் கேட்டுக் கேட்கீப்பர் தன் சாவடியிலிருந்து ஓடிவந்தார். காக்கிச் சட்டை, தலையில் பாலிதீன் பை. கதவருகே வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"யோவ், புகை முழுக்க உள்ளாறதான்யா வருது! வண்டிய ஆஃப் பண்ணு!"

அவரே தம்பியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாவடியின் வாசலில் போட்டு, சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, அட்டையால் விசிறினார். முகத்தில் மழைத்தண்ணீரை அடித்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியின் டிரைவர் எதுவும் கேட்கவில்லை. அம்மாவையும் தம்பியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்து, வந்த வழியே ஆஸ்பத்திரிக்கு விட்டார். அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு நினைவில்லை. நினைவில் வைக்காமல் போனது பற்றி இப்போது வெட்கமாக இருக்கிறது.

தம்பிக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். ராத்திரிக்குள் கண் விழித்தான். மூன்றாம் நாள் இட்லி கேட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சொல்லிவிடுகிறேன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான், சர்க்கரை மட்டும் கூடுதல். அவனுக்கு அந்த மழையே ஞாபகமில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவன் விழிப்பதற்கு முன்பு மாமா வந்தார். சேதி கேட்டு, பாடியிலிருந்து நனைந்துகொண்டே சைக்கிளில் வந்திருந்தார். வார்டு வாசலில் அவரைப் பார்த்ததும் அம்மா எழுந்துபோய்க் கன்னத்தில் அறைந்தாள். கை ஓயும்வரை அறைந்தாள். அவர் தடுக்கவில்லை.

"உன்ன நம்பித்தானேடா வண்டியக் குடுத்தாங்க! கொழாய ஒழுங்காப் பூட்டத் தெரியாதா உனக்கு? எம்புள்ளயக் கொல்லப் பாத்தியேடா! இனிமே என் ஊட்டு வாசப்படிய மெறிக்காத."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. அழுத்தவில்லை, சும்மாதான் வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மாமா கேட்டருகே கிடந்த காரைத் தள்ளிக்கொண்டுபோய், அகலக் குழாயைக் கழற்றி, பழைய அளவில் சைலன்சர் போட்டு, ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்து, குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பொங்கலுக்குள் அப்பா காரை விற்றுவிட்டார். பிறகு அவர் வாகனம் எதுவும் வாங்கவில்லை. ஓய்வு பெறும்வரை நடந்தே வேலைக்குப் போனார்.

அம்மாவும் மாமாவும் அதன்பின் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு மாமா வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று பிறர் சொல்லித் தெரிந்தது. அப்பா இறந்து பதினான்கு வருஷமாகிறது. அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்பு போனாள். அன்று மாமா மாலையோடு தெருமுனையிலேயே நின்றிருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். உடம்பைச் சுற்றிவந்து மாலையைப் போட்டார். "அக்கா" என்று ஒரு தடவை சொன்னார்.

மகன் அந்தக் குழாயை மாட்டிவந்த வாரம், அதைச் சாக்காக வைத்து மாமாவைப் பார்க்கப் போனேன். நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டின சந்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். லாரிச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருக்கும் வீடு. ஆள் வற்றிவிட்டார். காது மந்தம். சைலன்சர் என்றதும் மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"பவர் ஏறுமான்னா, ஏறும். எப்ப ஏறும்? ஹைவேயில அழுத்திப் புடிச்சிப் போனா ஏறும். அங்க புகை அவ்ளோ வரும், அகலக் கொழா வேணும். உம்புள்ள கள்ளிக்குப்பத்துலருந்து பாடி மேம்பாலம் வரைக்கும் ஊந்துகினு போறான். மெதுவா போறப்போ கொழா பெருசா இருந்தா புகை ஓட்டம் செத்துரும். அந்த ஓட்டந்தான் பின்னாடி வர்ற புகையையும் இழுத்துகினு போவணும். அது இல்லன்னா இழுவ ஏது? சத்தம் தான் வரும். சத்தம் வேற, பவர் வேற கண்ணு. இத்த அன்னிக்கே நீதான் எண்ணிச் சொன்ன."

"மாமா" என்றேன். "அந்தக் குழாய் நீங்க பூட்டுனதுல ஒண்ணும் தப்பில்ல. அப்பா கல்லுல இடிச்சிட்டாரு. நான் வண்டியில இருந்தேன். சொல்லாதன்னாரு. நான் சொல்லல."

அவர் நிமிரவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்."

"எப்படி?"

"கழட்டும்போதே பாத்தேன். ஜாயிண்டு நசுங்கிக் கீது, அதுல கல்லுத் தூளு ஒட்டிகினு இருந்துச்சி. வெல்டிங் வுட்டுப்போச்சின்னா அப்பிடி இருக்காது."

"அப்ப ஏன் மாமா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? அக்கா ரெண்டு புள்ளையையும் இட்டுகினு பொறந்த ஊட்டுக்கு வந்துருப்பா. இங்க அப்ப ஒரே ரூம்பு, நாங்க ஆறு பேரு. அவ புருசன்கூட இருக்கணும்னா ஒருத்தன் கெட்டவனாவணும். நான் ஆனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என் பேர்லயும் தப்பு கீது. பூட்டிக் குடுத்தவன் அப்பப்ப வந்து அடியில பாக்கணும். உங்கப்பன் பேசிட்டான்னு ரோசத்துல வராம இருந்துட்டேன். வந்திருந்தா பாத்திருப்பேன்."

அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் எடுக்கவில்லை. வெளியே ஒரு டிரெய்லர் லாரி போய் முடியும்வரை பேச முடியவில்லை. அது போனபின் மாமா என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் செத்தப்புறம் சொல்லிட்டதானே, அக்காகிட்ட?"

அம்மா அதன்பின் பன்னிரண்டு வருஷம் என்னோடுதான் இருந்தாள். ஒரே அறையில் படுத்தோம். தினமும் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

"இல்ல மாமா" என்றேன்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் தேவலாம். டீ டம்ளரை எடுத்தார், ஆறிவிட்டதைக் கண்டு மறுபடி வைத்தார்.

"சொல்லியிருக்கலாம் கண்ணு" என்றார்.